அங்கேயும் அவர்தானா

என் அக்கா பேபி தன் புருஷனைப் பற்றி வெளியாரிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. அதுதான் அவள் செய்த பெரிய தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்வேன். செத்தவளைக் குறை சொல்கிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அவளோடு பிறந்தவள் நான், எனக்கு அந்த உரிமை உண்டு.

அத்தான் ஜெபகுமார் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். தாம்பரத்தில் எங்கள் சபைக்குச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க எழுந்தார் என்றால் அவருக்கு மைக் வேண்டாம், கடைசி பெஞ்சில் தூங்குகிற கிழவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். சபையே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அதே மனிதர் பீர்க்கன்கரணையில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து, குழம்பில் உப்பு கொஞ்சம் கூடியிருந்தால் தட்டைத் தரையில் கவிழ்ப்பார். அக்கா அதைத் துடைத்து அள்ளிவிட்டு மறுபடி சோறு வடித்துக் குழம்பு வைக்க வேண்டும். அதுவரைக்கும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஞானப்பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் காபியில் சூடு பத்தவில்லை என்று டம்ளரை அவள் புறங்கையில் கவிழ்த்து, "இப்ப சொல்லு, சூடு கீதா இல்லையா?" என்று கேட்டார். சூடு இருந்தது. தோல் உரிந்து வந்தது.

அவர்களுக்கு ஒரே பையன், கிருபா. அம்மா கையில் என்ன என்று அவன் கேட்டதற்கு, குக்கர் ஆவி அடித்துவிட்டது என்றாள். கன்னம் வீங்கியிருந்தால் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லுவாள். அவர் கையை ஓங்குவதற்கு முன்னால் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள், பக்கத்து அறையில் படிக்கிற பையனுக்குக் கேட்கக்கூடாதாம். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். "அப்பன் நல்லவன்னு அவன் நெனைக்கணும்டி. இல்லன்னா அவனும் இவரு மாதிரி ஆயிடுவான்" என்பாள். கிருபா அப்படி ஆகவில்லை. அப்பாவைத் தெய்வமாக நினைத்து வளர்ந்தான்.

ஒரு தடவை நான் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்போதிருந்த போதகரிடம் போனேன். அவர் அக்கா தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். பிறகு சொன்னார்: "பொறுத்துக்கோம்மா. மரணம் பிரிக்கிற வரைக்கும்னு ஆண்டவர் முன்னாடி வாக்குக் குடுத்திருக்க. அதுவரைக்கும்தானே." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவோ, "அதுக்கப்புறம் ஐயா? அங்க போனா அவரு யாரோ, நான் யாரோதானே?" என்று கேட்டாள். ஆமாம், உயிர்த்தெழுந்த பிறகு பெண் கொள்வதும் கொடுப்பதும் கிடையாது, எல்லாரும் தேவதூதர்களைப் போல இருப்போம் என்று அவர் வசனத்தை விளக்கினார். அன்றைக்கு என் வீட்டில் அக்கா ரெண்டாவது தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் தாங்கினாள். அதுவரைக்கும்தானே என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினாள்.

அத்தான் கமிட்டி கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அடக்கத்துக்கு அவ்வளவு கூட்டம். அக்கா அழவில்லை, அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். கூட்டமெல்லாம் கலைந்து நாலு நாள் ஆனதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, டிவி பார்த்தபடி சாப்பிட்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்புறம் பளிச்சென்று மஞ்சளில் ஒரு புடவை வாங்கினாள். ஏரிக்கரையில் காலையில் நடக்கப் போனாள். அங்கே ஹஃபீசா என்று ஒரு சிநேகிதியைப் பிடித்தாள், இரண்டு பேரும் நடந்ததைவிட உட்கார்ந்து பேசியதுதான் அதிகம். என் அக்காவுக்குச் சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்பா போனதில் இடிந்து போனவன் கிருபாதான். மேடவாக்கத்தில் ஃபிளாட், ஓஎம்ஆரில் வேலை, ஆஷா என்று நல்ல பெண்டாட்டி, எல்லாம் இருந்தும் சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தான். ஆபீஸ் சிநேகிதன் ஒருவன் அவனைத் தன் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பிற்காலப் பரிசுத்தவான்கள் என்று பெயர், ஊரில் மார்மன் என்பார்கள். அங்கே அவனுக்கு ஒரு செய்தி சொன்னார்கள்: குடும்பம் சாவோடு முடிவதில்லை, ஆலயத்தில் முத்திரிப்பு என்று ஒரு சடங்கு செய்துவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் நித்தியத்துக்கும் ஒரே குடும்பம். அவ்வளவுதான், பையன் விழுந்தான். அவனும் ஆஷாவும் மறுபடி ஞானஸ்நானம் எடுத்தார்கள். எங்கள் சபையில் குழந்தையாக இருக்கும்போது எடுத்தது அங்கே கணக்கில் வராதாம். அங்கே எடுத்தது எங்களிடம் கணக்கில் வராது என்று எங்கள் போதகர் சொன்னார். தண்ணீர் என்னவோ இரண்டு இடத்திலும் ஒரே மெட்ரோ தண்ணீர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பிட வருவான். கீழ்க்கட்டளையில் நான் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன், ஞாயிறு லீவு, நானும் போவேன். சாப்பாடு இறங்குகிறதோ இல்லையோ, வாக்குவாதம் நடக்கும்.

"சித்தி, பிதா வேற, குமாரன் வேற, பரிசுத்த ஆவி வேற. நோக்கம் ஒண்ணு, ஆள் மூணு. பிதாவுக்கும் நம்மள மாதிரி உடம்பு இருக்கு" என்பான்.

"நம்ம சபையில மூணும் சேந்து ஒரே தேவன்டா. நீ மூணு தேவன் இருக்காங்கன்ற."

"இயேசு ஞானஸ்நானம் எடுக்கும்போது பிதா மேலேருந்து பேசினாருல்ல? தனக்குத்தானே பேசிக்கிட்டாரா?"

உடனே வேறு பக்கம் பாய்வேன். பைபிளோடு இன்னொரு புத்தகம் எதற்கு, கோயில் மேல் சிலுவை ஏன் இல்லை, திருவிருந்தில் திராட்சை ரசத்துக்குப் பதில் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றுகிறார்களே என்று அடுக்குவேன். அவன் கோபப்படவே மாட்டான். இயேசு உயிரோடு இருக்கிறார், அவர் செத்த சாமானை எதற்கு மேலே மாட்ட வேண்டும் என்பான். தன் சபையில் போதகருக்குச் சம்பளமில்லை, எல்லாரும் முறைவைத்து ஊழியம் செய்கிறார்கள் என்பான். அந்த இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. டீ, காபி தொடக்கூடாது என்று அவன் சொன்ன அன்றைக்குத்தான் அக்கா வாயைத் திறந்தாள்.

"காபியே போட வேணாமா? நல்ல சாமியா கீதேடா" என்று சிரித்தாள். கிருபாவும் சிரித்தான். அவன் வேறு எதற்கோ சிரித்தான்.

ஒரு ஞாயிறு அவன் தன் சபை ஊழியக்காரப் பையன்கள் இரண்டு பேரை அழைத்து வந்தான். வெள்ளைச் சட்டை, டை, பாக்கெட்டில் கறுப்புப் பெயர்ப்பட்டை. இருபது வயது தாண்டியிருக்காது, மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை, இரண்டு பேருக்கும் முன்னால் எல்டர் என்று பட்டம். ஒருவன் கோயம்புத்தூர், இன்னொருவன் விசாகப்பட்டினம். தங்கமான பிள்ளைகள், பொய் சொல்லக்கூடாது. அக்காவின் பாத்திரத்தைக்கூடத் தேய்த்து வைத்தார்கள். அவளை சிஸ்டர் பேபி என்று கூப்பிட்டார்கள், அவளுக்கு அது பிடித்திருந்தது. பிறகு உட்கார்ந்து பாடம் நடத்தினார்கள்.

கோயம்புத்தூர்ப் பையன் கேட்டான்: "சிஸ்டர் பேபி, உங்க ஹஸ்பண்ட் இறந்துட்டாங்கன்னு பிரதர் கிருபா சொன்னாங்க. அவங்கள மறுபடி பாப்பீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "பாக்கறதுன்னா? அங்க கல்யாணமெல்லாம் கிடையாதேப்பா. ஐயா சொல்லிக்கீறாரே."

"மத்த சபையில அப்படித்தான் சொல்லுவாங்க. மரணம் வரைக்கும்தான் கல்யாணம்னு. ஆனா பரலோகப் பிதா அவ்ளோ இரக்கமில்லாதவர் இல்ல சிஸ்டர். ஆலயத்துல முத்திரிச்சா நீங்களும் அவரும் என்னைக்கும் புருஷன் பொண்டாட்டிதான். முடிவே இல்ல."

"முடிவே இல்லையா?"

"முடிவே இல்ல" என்றான் அந்தப் பிள்ளை, முகமெல்லாம் சிரிப்பாக.

அக்காவுக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. புருஷன் செத்த அன்றைக்கு அழாதவள் அன்றைக்கு அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். விசாகப்பட்டினத்துப் பையனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கிருபா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "இதான்மா, எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பரிசுத்த ஆவி பேசறப்ப இப்படித்தான் இருக்கும்" என்றான். அவர்கள் சபையில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு விஷயம் உண்மை என்றால் அதைக் கேட்கும்போது நெஞ்சு உருகும், கண் கலங்கும், அதுவே சாட்சி. ஆகவே அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் என் அக்கா சம்மதம் சொல்லிவிட்டாள். அவள் பயந்து அழுகிறாள் என்று தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான்.

அவர்கள் போனதும் அடுப்பங்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கயும் அவர்தானா ஷீலா?"

"அது அவங்க சொல்றது அக்கா. நம்ம சபையில அப்படி இல்லையே."

"எது நெஜம்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதில்ல? அப்போ வம்பு எதுக்கு. நான் அந்தப் பக்கமே போவ மாட்டேன்."

போகவில்லை. ஆனால் மாட்டேன் என்று மகனிடம் சொல்லவும் இல்லை. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தால் அவளுக்கு முட்டி வலிக்கும், இல்லையென்றால் சளி பிடிக்கும். அவனிடம் அவன் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடு, விஷயம் முடிந்துவிடும் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இத்தினி வருசம் கழிச்சு அவன் அப்பனை அவங்கிட்டேர்ந்து புடுங்கச் சொல்றியா?" என்றாள். கடைசியில் கிருபாவே அவளுக்கு ஆறுதல் சொன்னான். "அவசரம் இல்லம்மா. நீ இப்ப வரலன்னாலும் கவலைப்படாத. எங்க சபையில இறந்தவங்களுக்காகவும் செய்யலாம். உனக்குப் பதிலா ஒருத்தர் ஞானஸ்நானம் எடுப்பாங்க, உன்னையும் அப்பாவையும் முத்திரிச்சு வைப்போம். ஒண்ணும் விட்டுப்போகாது" என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போது அக்கா வாசலில் நின்றிருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"செத்தாலும் விட மாட்டாங்களாம்டி. நீ ஐயாவைக் கேட்டுட்டு வா. அவங்க கட்டிவெச்சா ஒட்டுமா, ஒட்டாதான்னு கேளு."

கேட்டேன். இப்போது இருப்பவர் புதிய போதகர், படித்தவர். மார்மன் என்ற பேரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர்கள் திரித்துவத்தை ஒத்துக்கொள்வதில்லை, பிதாவும் ஒரு காலத்தில் மனுஷனாக இருந்தார் என்கிறார்கள், சொர்க்கத்தை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்கள், இன்னும் தீர்க்கதரிசி இருக்கிறார் என்கிறார்கள், அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்றே சொல்லக்கூடாது என்று ஒரு பிரசங்கமே செய்தார். நான் இடையில் புகுந்து, "ஐயா, அதெல்லாம் இருக்கட்டும். செத்தவங்களைக் கட்டிவெச்சா ஒட்டுமா, ஒட்டாதா?" என்றேன். சிரித்தார். "ஒட்டாதும்மா, எல்லாம் வீண்" என்றார். எதற்குக் கேட்கிறாய் என்று கேட்கவில்லை.

அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் சமாதானமாகவில்லை. "அந்த ஐயா பொறுத்துக்கோன்னாரு. இந்த ஐயா ஒட்டாதுன்றாரு. ஒட்டிக்கிச்சுன்னா அங்க கெடந்து படப்போறது அவங்களா?" என்றாள். அவள் பேசியதில் என்ன தப்பு?

அடுத்த வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பார்க்கும்போதே முற்றியிருந்தது. மஞ்சள் புடவை தொளதொளவென்று தொங்கும் அளவுக்கு இளைத்துப் போனாள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புதுக்குழிக்கு இடமில்லை, குடும்பக் குழியைத் தோண்டி மேலேயே வைப்பதுதான் வழக்கம். பெண்டாட்டிக்குப் புருஷன் குழிதான். இதை நினைத்து நான் மறுகிக்கொண்டிருந்தபோது அவளே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சொன்னாள்.

"குழி பத்திக் கவலைப்படாத. அவரு மேல தூக்கிப் போடட்டும். அது மண்ணு. அங்க மட்டும் வேணாம் ஷீலா. நான் போனப்புறம் கிருபாகிட்ட நீ சொல்லிடு. உயிரோட இருக்கறப்ப என்னால அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாது."

"என்னன்னு சொல்ல?"

"எல்லாத்தையும் சொல்லு. வேணாம்னு சொன்னேன்னு சொல்லு."

தனக்கு ஒன்று வேண்டாம் என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பத்து நாளில் போய்விட்டாள். அத்தானின் குழியையே தோண்டினார்கள்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் நான் மேடவாக்கம் போனேன். கீழே தண்ணி லாரி நின்று மோட்டார் இரைந்துகொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் நான் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. தரையில் கவிழ்த்த தட்டு, புறங்கையில் ஊற்றிய காபி, சத்தம் கூட்டி வைத்த டிவி, ஒன்றையும் விடவில்லை. அன்றைக்கு அம்மா அழுதது சந்தோஷத்தில் இல்லை என்றும் சொன்னேன். ஆஷா தேம்பித் தேம்பி அழுதாள். கிருபா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"குக்கர் இல்லையா அது?" என்று மட்டும் கேட்டான்.

"இல்லடா. அம்மாவுக்கு அங்க அவரோட இருக்க வேணாம். அவ கடைசியாக் கேட்டது இது ஒண்ணுதான்."

"சரி சித்தி" என்றான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டான். எனக்கு மனசு லேசாகிவிட்டது. அக்காவுக்கு ஒரு காரியமாவது ஒழுங்காகச் செய்து கொடுத்தோம் என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன மாதம் இரண்டு பேரும் பாங்காக் போய்வந்தார்கள். ஊர் சுற்றிப் பார்க்கப் போனார்கள் என்றுதான் நினைத்தேன். கடைக்கு வந்து, காய்ந்த மாம்பழப் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினான். வெள்ளைவெளேரென்று உயரமான கோபுரம், முன்னால் இவர்கள் இரண்டு பேரும் கைகோத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஆலயம் நம் ஊரில் கிடையாதாம், பாங்காக்கில்தான் இருக்கிறதாம்.

"முடிஞ்சுது சித்தி. அப்பாவுக்குப் பதிலா நான், அம்மாவுக்குப் பதிலா ஆஷா. ரெண்டு பேரையும் முத்திரிச்சாச்சு."

"நான் அவ்ளோ சொல்லியும் எப்படிடா?" என்றேன்.

"நீங்க சொன்னதுனாலதான் சித்தி. அதுக்கு முன்னாடி சும்மா ஒரு கடமையா நெனச்சேன். நீங்க சொன்னப்புறம் எனக்குத் தூக்கமே வரல. அப்பா அவ்ளோ பாவத்தோட அங்க தனியாக் கெடப்பாரு. அவரு மனசு திரும்பணும்னா, அவரை மன்னிக்கணும்னா, அம்மாவாலதான் முடியும். அம்மா கூட இருந்தா அவரு திருந்திடுவாரு."

"இது உங்க சபை சொல்லிச்சா?"

"இல்ல, நானா யோசிச்சேன். அம்மாவுக்கு இதுல சம்மதமான்னு எங்க தலைவர் கேட்டாரு. சம்மதம்தான்னு சொல்லிட்டேன்."

ஆஷா பக்கத்து ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத் தேம்பித் தேம்பி அழுதவள். "எதிரெதிரா பெரிய கண்ணாடி வெச்சிருக்காங்க சித்தி. நடுவுல முட்டி போட்டா நம்ம உருவம் போய்க்கிட்டே இருக்கு, முடிவே தெரியல. ரொம்ப அழகா இருந்துச்சு. அத்தைக்குப் பதிலா நான் சரின்னு சொன்னேன்" என்றாள்.

எனக்கு அவர்கள் மார்க்கத்தில் நம்பிக்கை இல்லை. ஒட்டாது, எல்லாம் வீண் என்று எங்கள் போதகர் சொல்லியிருக்கிறார். ஆனால் மூன்று பேர் ஒரே தேவனா, மூன்று தேவனா என்று எவனுக்குத் தெரியும், அதில் தோற்றாலும் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. இந்த ஒன்றில் மட்டும் அவர்கள் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால் என் அக்கா இந்நேரம் அந்த ஆளுக்கு எதிரில் நிற்பாள். கெஞ்சுகிற மாதிரி கேட்டேன், என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"அவளுக்கு வேணாம்னா என்னடா பண்ணுவா?"

"அதுக்கும் வழி இருக்கு சித்தி. எங்க சபையில யாரையும் கட்டாயப்படுத்தறது கிடையாது. இங்க நாம செஞ்சு வைக்கிறோம், அவ்ளோதான். அங்க ஏத்துக்கறதும் மறுக்கறதும் அவங்க இஷ்டம்."

"உங்கம்மா எந்தக் காலத்துலடா மறுத்திருக்கா?"

கிருபாவின் முகம் மலர்ந்தது. என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அதைத்தான் சித்தி நானும் சொல்றேன். அம்மா மறுக்கவே மாட்டாங்க" என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.